பார்மத் கழிமுகம்: பிழைப்புக்காகப் போட்ட பாதைகளில் ஒரு நடை

வணக்கம் நேயர்களே. நான் இப்போது நிற்பது வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையில், மௌதாக் ஆறு கார்டிகன் வளைகுடாவில் கலக்கும் முகத்தில் அமைந்த பார்மத் என்னும் சிற்றூரின் துறைமுகத்தில். கேமராவை மெதுவாகத் திருப்புகிறேன், பாருங்கள். இடப்பக்கம் கழிமுகம், அதற்கு அப்பால் 893 மீட்டர் உயரமுள்ள காடைர் இத்ரிஸ் மலை. வலப்பக்கம் திறந்த கடல். என் முதுகுக்குப் பின்னால், வீடுகளின் கூரைகளுக்கு மேலேயே பாறைச் சரிவு செங்குத்தாக எழுந்து நிற்கிறது.

நடைபாதைகளைப் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்ற கணக்கோடு முடிந்துவிடுகின்றன. இந்த ஊரில் அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பாதைகளை யார், எதற்காகப் போட்டார்கள்? ரயில் ஓடுவதற்கும், கால்நடைகளை ஓட்டிச் செல்வதற்கும், சுரங்கத்துக்குப் போய் வருவதற்கும் போடப்பட்ட வழிகளில்தான் இன்று முதுகுப்பையும் கைத்தடியுமாகப் பொழுதுபோக்குக்கு நடக்கிறார்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் தெரியும்.

முதலில் பாலம். 1867ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்த ரயில் பாலம் ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்குக் கழிமுகத்தைக் கடந்து செல்கிறது. ஊரை ஒட்டிய சிறு பகுதி மட்டும் இரும்பு, மீதி முழுவதும் மரக்கால்கள். ஒற்றைத் தண்டவாளத்தின் அருகிலேயே, வேலி மறைப்புடன், நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் பலகை பாவிய வழி ஓடுகிறது. இதோ காலடியில் காட்டுகிறேன்: பலகைகளுக்கு நடுவே விரல் நுழையாத இடுக்குகள், அவற்றின் வழியே கீழே சேற்று நிறத்தில் சுழித்து ஓடும் நீர். ரயில் வரும்போது அதன் சத்தம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே பலகையின் அதிர்வு உள்ளங்காலுக்கு எட்டிவிடுகிறது. இந்த மரக்கால்களுக்கு நெடுநாள் எதிரி கடலில்தான் இருந்தது. மரத்தைத் துளைத்து வாழும் கப்பல்புழு உள்ளுக்குள் அரித்திருப்பது 1980இல் தெரியவந்தபோது, எடை மிகுந்த எஞ்சின்களுக்குத் தடை விதித்துப் பெரிய அளவில் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரும் 2020க்கும் 2023க்கும் இடையில் கட்டம் கட்டமாக மரங்களை மாற்றியிருக்கிறார்கள். கான்கிரீட்டில் ஒன்று கட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மரப்பாலமாகவே காத்த முடிவு சரி என்பது என் கருத்து. ஏனென்றால் இந்த ஊரின் முகமே இந்தப் பாலம்தான்.

இரும்புப் பகுதி எதற்கு என்ற கேள்வி வரலாம். ஆற்றுக்குள் கப்பல்கள் சென்று வருவதற்காகத் திறந்து மூடும் வகையில் அமைத்த பகுதி அது. ஆனால் ரயில் வந்த பிறகு சரக்கு ரயிலுக்கு மாறிவிட்டது. கப்பலுக்காக வைத்த கதவுக்கு வேலை இல்லாமற் போனதற்குக் காரணம் அந்தப் பாலத்தின்மேல் ஓடிய ரயிலே.

பாலத்தின் தென்முனையில் இறங்கினால் மோர்வா மௌதாக் நிலையம். அங்கிருந்து உள்நாட்டை நோக்கிச் சென்ற ரயில் பாதை 1965இல் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த அந்த மண்மேடுதான் இன்றைய மௌதாக் நடைபாதை. பார்மத்திலிருந்து டோல்கெத்லை ஊர் வரை சுமார் 15 கிலோமீட்டர். ரயிலுக்காகச் சமன் செய்த தடம் என்பதால் ஏற்றமே இல்லை என்று சொல்லலாம், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையின்றி உருளும். ஒரு பக்கம் உவர்ச் சதுப்பு, அதில் உள்ளான்கள் மேய்கின்றன. மறுபக்கம் ஓக் மரக்காடு. எதிர்க்கரையில் தெரியும் மலைமடிப்புகளில், பான்த்தீ என்ற சிற்றூருக்கு மேலே, க்ளோகாய் தங்கச் சுரங்கம் இருந்தது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் திருமண மோதிரங்கள் பலவற்றுக்குத் தங்கம் கொடுத்த சுரங்கம் அது.

வழியில் பென்மைன்பூல் என்ற இடத்தில், 1879இல் கட்டிய மரத்தாலான சுங்கப் பாலம் ஒன்று ஆற்றைக் கடக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1966 ஜூலையில் உல்லாசப் பயணிகளை ஏற்றி வந்த படகு ஒன்று இந்தப் பாலத்தில் மோதிக் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதன், வேகத்தைக் கரையில் நின்று பார்ப்பவர்கள் எளிதாகக் குறைத்து மதிப்பிட்டுவிடுவார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். நீர் வற்றும்போது கழிமுகம் முழுவதும் மணல்திட்டாகத் தெரியும். குறுக்கே நடந்தால் அரை மணியில் அக்கரை என்று ஆசை வரும். அந்த ஆசை வேண்டாம். கால்வாய்கள் முதலில் பின்பக்கமாக நிறைந்து திட்டைத் தீவாக்கிவிடும். ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது இங்கே தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்வதைப் போன்ற வழக்கமாக இருக்க வேண்டும்.

இனி மேலே ஏறுவோம். பார்மத்தின் கடைத்தெருவுக்குப் பின்னால், கல்வீடுகளுக்கு நடுவே படிகளாக ஏறும் சந்துகளில் மூச்சு வாங்க நடந்தால், டினாஸ் ஒலெய் என்ற குன்றுச் சரிவு வந்துவிடும். சுமார் நாலரை ஏக்கர்தான், மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்புதரும் பாறையுமாகக் கிடக்கிறது. பிரிட்டனில் இயற்கை எழில் மிக்க இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பு 1895இல் தொடங்கப்பட்டபோது அதற்குக் கிடைத்த முதல் நிலம் இதுதான். கொடுத்தவர் ஃபேனி டால்பட் என்ற பெண்மணி. நிலத்தைக் கொடுத்ததோடு அவர் விருப்பத்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: புல் படர்ந்த பாதையும் தக்க இடங்களில் கல் இருக்கைகளும் இருக்கலாம், தார் போட்ட பாதையும் வார்ப்பிரும்புப் பெஞ்சுகளும் கூடாது. வளர்ச்சி என்றால் சிமெண்ட் என்று பழகிப்போன நம் காலத்தில் இப்படி ஒரு நிபந்தனையை யாராவது எழுதி வைப்பார்களா என்று தோன்றுகிறது. சற்று மேலே, ‘பிரெஞ்சுக்காரர் கல்லறை’ என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். பிரான்சிலிருந்து வந்து இங்கே தங்கிய ஒகுஸ்த் கியார் என்பவர் இந்தச் சரிவிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இந்தச் சரிவில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சிறு கதவுகள் உண்டு. வளைந்த அடைப்புக்குள் முதலில் நீங்கள் புகுந்து நிற்க வேண்டும், பிறகு கதவை உங்களைச் சுற்றித் தள்ளிவிட்டு மறுபுறம் வெளியேற வேண்டும். ஆடு தாண்டாமல் மனிதன் மட்டும் தாண்டுவதற்கான ஏற்பாடு. பெரிய முதுகுப்பை போட்டிருந்தால் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ளுங்கள்.

கிழக்கே தொடர்ந்து நடந்தால் பனோரமா நடை என்ற காட்சிமுனை வரும். நான் முதலில் சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு: விக்டோரியா காலத்தில் ரயிலில் வந்து இறங்கிய உல்லாசப் பயணிகள் நடந்து ரசிப்பதற்கென்றே போடப்பட்ட வழி. கழிமுகம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் என்பதால், ஓதம் ஏறி முடியும் வேளையில் இங்கே வந்து சேருங்கள். வெறும் மணலைப் பார்ப்பதற்கு இவ்வளவு ஏற வேண்டியதில்லை.

மலையேற்றத்தில் ஆர்வமுள்ள இந்தியர்களுக்கு ஒரு செய்தி. 1936இல் நந்தா தேவி உச்சியில் நோயல் ஓடெல்லுடன் முதன்முதலாகக் கால் வைத்த பில் டில்மன், இந்தக் கழிமுகக் கரையில் வாழ்ந்தவர். 7,816 மீட்டர் ஏறியவருக்கு இந்தச் சிறு குன்றுகள் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

இன்னும் கடினமான நடை வேண்டுமென்றால் பார்மத்திலிருந்து வடக்கே மலைகளின் வழியாகச் செல்லும் அர்துத்வி வழி இருக்கிறது, சுமார் 39 கிலோமீட்டர். மாட்டு வணிகர்கள் மந்தை ஓட்டிச் சென்ற பழைய தடங்கள் அந்த மலைகளில் இன்றும் தெரிகின்றன. மூடுபனி இறங்கினால் திசை தெரியாது, வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் போக வேண்டாம்.

முதல் முறை வருபவர்கள் காலையில் டினாஸ் ஒலெய் ஏறி, இறங்கி, பாலத்தைக் கடந்து மோர்வா மௌதாக் வரை நடப்பதே போதும். அங்கிருந்து ரயிலில் திரும்பலாம். அந்த நிலையத்தில் ரயில் தானாக நிற்காது. ஓட்டுநர் கண்ணில் படும்படி நடைமேடையில் நின்று கையை நன்றாக நீட்டிக் காட்டுங்கள்.