மூன்று கற்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிடித்த திரைப்படம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தார்கள். நான் படத்தின் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்கள். சாக நினைக்கிற ஒருவரைப் பற்றிய படம் அது. அதைப் பார்த்த காலத்தில் நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன். இரண்டையும் சேர்த்தே பேசுகிறேனே என்றேன், சம்மதித்தார்கள்.

1997-இல் வந்த ஈரானியப் படம், ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’. இயக்கியவர் அப்பாஸ் கியரோஸ்தமி. அந்த ஆண்டு கான் விழாவின் தங்கப் பனை விருதை ஒரு ஜப்பானியப் படத்தோடு பகிர்ந்துகொண்டது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டோ, உட்கார முடியவில்லை என்கிற மாதிரி எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. படம் நெடுக ஒரு கார் தெஹ்ரானுக்கு வெளியே காய்ந்த மண்மேடுகளைச் சுற்றிச் சுற்றி வரும். பாட்டு இல்லை, சண்டை இல்லை.

காரை ஓட்டுகிறவர் பதீ. நடுத்தர வயது, வசதியான ஆள். ஒரு மரத்தடியில் தனக்கென்று குழி வெட்டி வைத்திருக்கிறார். விடியற்காலையில் ஒருவர் அங்கே வந்து இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். வராவிட்டால் இருபது மண்வெட்டி மண் போட வேண்டும். கூலியும் உண்டு. இதற்குத்தான் ஆள் தேடுகிறார்.

ஏன் சாக வேண்டும்? படம் கடைசிவரை சொல்லாது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நம் வீடுகளில் முதலில் வருகிற கேள்வியே, “உனக்கென்னப்பா குறைச்சல்?” என்பதுதானே. வேலை இருக்கிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது, பிறகு என்ன? அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதாலேயே வாயை மூடிக்கொண்டேன். காரணம் கேட்காமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மாதிரி இருந்தது அந்தப் படம்.

காரில் முதலில் ஏறுகிற இளம் சிப்பாய் பயந்து ஓடிவிடுகிறான். அடுத்து ஏறுகிற ஆப்கன் மாணவர், மதம் இதை அனுமதிக்காது என்கிறார். மூன்றாவதாக வருபவர் பாகேரி என்ற முதியவர். அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் பண்ணுகிற வேலை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பணம் வேண்டும், அதனால் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பேச்சை விடுவதில்லை. இளவயதில் தானும் ஒரு விடியலில் சாகப் போனதையும், மரத்தில் கையில் தட்டுப்பட்ட மல்பெரிப் பழத்தைத் தின்றதையும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கேட்டார்களென்று கிளையை உலுக்கிவிட்டதையும், மனைவிக்கும் பழம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியதையும் சொல்லிக்கொண்டே வருகிறார். செர்ரிப் பழத்தின் ருசியை விட்டுவிட்டா போகப்போகிறாய் என்று கேட்கிறார்.

எல்லோரும் கொண்டாடுகிற இடம் இது. எனக்கு ஒட்டவில்லை. அப்போது எனக்கு ருசி என்பதே போய்விட்டிருந்தது. அம்மா வைத்த மீன்குழம்பும் ஒன்றுதான், ஆஸ்பத்திரிக் கஞ்சியும் ஒன்றுதான். மனச்சோர்வு முதலில் பறிப்பதே அந்த ருசியைத்தான் என்று பின்னால் மருத்துவர் விளக்கினார். அந்த நிலையில் இருப்பவரிடம் போய் சூரியோதயத்தைப் பார், பூவைப் பார் என்று சொல்கிற அன்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கடுத்து வருகிற சின்னக் காட்சி. முதியவரை இறக்கிவிட்டுப் போன பதீ, திடீரென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு ஓட்டமும் நடையுமாக வருகிறார். முதியவரை வெளியே கூப்பிட்டுச் சொல்கிறார்: காலையில் வரும்போது இரண்டு சிறு கற்களை என்மேல் போடுங்கள், நான் தூங்கிக்கொண்டுகூட இருக்கலாம். முதியவர் சொல்கிறார்: இரண்டு போதாது, மூன்று போடுகிறேன்.

அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். இத்தனை ஏற்பாடு செய்த மனிதர், தன்னை எழுப்பிப் பார்க்கச் சொல்லி ஓடி வருகிறார். சாக வேண்டும் என்பதும், யாராவது எழுப்ப வேண்டும் என்பதும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். எனக்குள்ளும் அந்த இரண்டாவது ஆள் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிரவே கல்லூரித் தோழனைக் கூப்பிட்டேன். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். “தினமும் காலையில ஏழு மணிக்கு எனக்கு ஒரு போன் பண்ணுடா, நான் எடுக்கலேன்னா வீட்டுக்கு வந்துடு” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “ஏழு வேணாம் மாப்ள, ஆறரைக்கே பண்றேன். இன்னிக்கு ராத்திரி நான் அங்க வந்து படுத்துக்கறேன்” என்றான். வந்தான். அந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனதும் அவன்தான். மாத்திரை, பேச்சு சிகிச்சை எல்லாம் அதன் பிறகு. குணமானது மெதுவாகத்தான், நடுவில் சறுக்கல்களும் இருந்தன.

ஆகவே, படம் என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். தோழனும் மருத்துவமும் காப்பாற்றினார்கள். படம் எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவுதான். இதே படம் இன்னொருவரைக் கீழே தள்ளவும் கூடும். இப்போது அந்த எண்ணத்தில் இருக்கிறவர்கள் தனியாக உட்கார்ந்து இதைத் தேடிப் பார்க்க வேண்டாம். இந்த வேறுபாட்டை ஆராய்ந்தவர்கள் உண்டு. 2010-இல் வியன்னாவைச் சேர்ந்த நீடர்குரோட்டன்தாலரும் அவர் குழுவினரும், நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வாசிப்பவர்களுக்குக் காப்பாக அமையக்கூடும் என்று எழுதினார்கள். அதற்குப் பாபகேனோ விளைவு என்று பெயர் வைத்தார்கள். பாபகேனோ என்பவன் மோட்சார்ட்டின் இசை நாடகத்தில் வரும் பறவை பிடிப்பவன். சாகத் துணிந்த நேரத்தில் மூன்று சிறுவர்கள் வந்து, உன் கையில் மணிகள் இருக்கின்றனவே, அடித்துப் பார் என்று சொல்லித் தடுப்பார்கள்.

இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், பக்கத்து அறையில் இருப்பவரை இப்போதே கூப்பிடுங்கள். கூப்பிட ஆளில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இதற்காகவே இயங்கிவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. எழுதிக்கொள்ள வசதியாக முதல் எண்ணை இன்னொரு முறை சொல்கிறேன்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.