தூங்காத கால்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆட்டோ ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள். டிரைவர் இறங்கி ஆட்டோவைப் பின்பக்கமாகத் தள்ளுவார். மெதுவாகப் போகும்வரை சரி. சரிவில் வேகம் பிடித்துவிட்டால் ஹேண்டில்பார் கைக்கு அடங்காது. முன்சக்கரம் ஒரு பக்கமாக மடங்கி வண்டி குறுக்கே திரும்பிவிடும். வால் சக்கர விமானம் தரையில் ஓடுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரிய சக்கரங்கள் இரண்டு முன்னால், சின்னது ஒன்று வாலுக்கடியில். எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு லேசாகத் திரும்பினாலும் அந்த எடை நேராகவே போகப் பார்க்கும். திருப்பத்தை இன்னும் கூட்டிவிடும். அதைக் காலால்தான் பிடிக்க வேண்டும். மூக்கை இடமும் வலமும் திருப்பும் ரடர் பெடல் இரண்டும் காலடியில் இருக்கின்றன.

நான் கற்றது ஹெச்.டி.-2 விமானத்தில். பொறியாளர் வி.எம். காட்கே தலைமையில் பெங்களூரில் உருவாகி 1951-இல் முதலில் பறந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்த பயிற்சி விமானம் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

இந்த விமானத்தைத் தரையிறக்க இரண்டு முறைகள் உண்டு. மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரை தொடுவது முதல் முறை. தரைக்குச் சற்று மேலே வந்ததும் இறங்குவதை நிறுத்தி, ஸ்டிக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடியை, கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். வேகம் குறையக் குறைய இன்னும் இழுக்க வேண்டும். இனித் தாங்க முடியாது என்று இறக்கை கைவிடும் நேரத்தில் மூன்று சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பெரிய சக்கரங்களை முதலில் மோதவிட்டால் வால் கீழே விழும், மூக்கு நிமிரும், இறக்கை மறுபடி தூக்கும். விமானம் பந்து மாதிரி எழும்பும்.

ஒரு நாள் எனக்கு அது அருமையாக அமைந்தது. சக்கரம் தொட்டதே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் காலைத் தளர்த்திவிட்டேன். இடப்பக்கமிருந்து மெல்லிய காற்று. மூக்கு இடப்பக்கம் நகர்ந்தது. வலது பெடலை மிதித்தேன், அரை நொடி தாமதம். ஓடுபாதை கண்ணெதிரே பக்கவாட்டில் ஓடியது, ஒரே புழுதி. விமானம் ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியைப் பார்த்து நின்றது. வலது இறக்கை நுனி தரையை உரசியிருந்தது. என் ஆசிரியர் நடந்து வந்தார். திட்டவில்லை. நுனியில் சிக்கியிருந்த புல்லை வேர்மண்ணோடு பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, அப்போ உன் கால் எங்கே இருந்தது?" என்றார். அவ்வளவுதான். பின்னாளில் நானும் பலருக்குக் கற்றுக்கொடுத்தேன்; ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். விமானம் நிற்கும்வரை கால் தூங்கக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், நிற்கும்வரை.

அப்புறம் இரண்டாவது முறை. சற்றுக் கூடுதல் வேகத்தில் வந்து, வாலைத் தூக்கியபடியே பெரிய சக்கரங்களை மட்டும் மெல்லத் தரையில் வைப்பது. டகோட்டா என்ற பழைய வால் சக்கர விமானத்தை ஓட்டியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இறக்கினார்கள். சக்கரம் தொட்டதும் ஸ்டிக்கைத் துளி முன்னால் தள்ள வேண்டும். புதியவர்களின் கை இதற்குச் சம்மதிக்காது. பயத்தில் பின்னால் இழுக்கும், விமானம் எழும்பிவிடும். வேகம் குறைந்து வால் தானாக இறங்கிய பிறகு ஸ்டிக்கை முழுவதும் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் மூக்கு குப்புற விழுந்து புரொப்பெல்லர் தரையில் அடிக்கும்.

பக்கக் காற்றைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்துங்கள், எதிர்ப்பக்கப் பெடலால் மூக்கை நேராக வையுங்கள், காற்றுப் பக்கத்துச் சக்கரம் முதலில் தொடட்டும். ஓடும்போதும் ஸ்டிக் காற்றின் பக்கமே சாய்ந்திருக்கட்டும். கண் ஓடுபாதையின் கடைசியில் இருக்கட்டும். கால் பெடலில். நன்றி, வணக்கம்.