தலைக்கு மேல் சுழன்ற ஷாஃப்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு ஒரு மில்லில் மிஷினை நிறுத்த வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஸ்விட்ச் இருக்கிறது. 1840-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நிலைமை வேறு. பெரும்பாலும் ஒரே நீராவி இன்ஜின்தான் மில் முழுவதையும் ஓட்டும். அதன் சக்தி நின்றவாக்கில் ஓர் இரும்புத் தண்டு வழியாக மேலே ஏறும். ஒவ்வொரு மாடியிலும் கூரையை ஒட்டிப் படுக்கைவாக்கில் நீண்ட தண்டுகள் ஓடும். இவைதான் ஷாஃப்ட். அதிலிருந்து தோல் பெல்ட் இறங்கி ஒவ்வொரு தறியையும் ஓட்டும். தறியை ஓட்டாமல் சும்மா சுழலும் ஒரு சக்கரம் பக்கத்தில் இருக்கும், அதுதான் தளர்ந்த புல்லி. பெல்ட்டை அதற்குத் தள்ளிவிட்டால் தறி நின்றுவிடும். மேலே ஷாஃப்ட் மட்டும் நிற்காது. இன்ஜின் நின்றால்தான் அதுவும் நிற்கும்.

பார்ப்பதற்கு வழவழவென்ற உருண்டைக் கம்பி, அது என்ன செய்துவிடப் போகிறது என்று தோன்றும். சட்டைக் கையோ, பாவாடை நுனியோ, அவிழ்ந்த கூந்தலோ ஒரு சுற்று மாட்டிக்கொண்டால் போதும், அடுத்த சுற்றில் ஆளையே இழுத்துக்கொள்ளும். தறிகளின் இரைச்சலில் கூச்சல் கேட்காது. கேட்டவர் இன்ஜின் அறைக்கு ஓடிப்போய்ச் சொல்லி நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ‘மியூல்’ என்ற நூற்பு மிஷின் இன்னொரு ஆபத்து. நூல் முறுக்கும் கதிர்களைத் தாங்கிய அதன் வண்டி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கீழே கிடக்கும் பஞ்சைக் கூட்டுவதற்குக் குழந்தைகளை உள்ளே தவழ விட்டார்கள். உற்பத்தியைப் பொறுத்துக் கூலி என்பதால் மிஷினை நிறுத்த யாருக்கும் மனம் வராது.

ஷாஃப்டைச் சுற்றி ஒரு மரப்பெட்டி அடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம், தச்சர் ஒருவர் போதும். அப்படியிருந்தும் அந்தப் பெட்டிக்காக எத்தனை ஆண்டுகள் சண்டை போட்டார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

1844-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தொழிற்சாலைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஷாஃப்ட், கியர், இன்ஜின் சக்கரம் எல்லாவற்றுக்கும் தடுப்புப் போட வேண்டும். ஓடுகிற ஷாஃப்டையும் கியரையும் சிறுவர்களைத் துடைக்கச் சொல்லக் கூடாது. அடிபட்டவர் மறுநாள் காலை 9 மணிக்குள் வேலைக்குத் திரும்ப முடியாவிட்டால் அரசு நியமித்த மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். காகிதத்தில் நல்ல சட்டம்தான். ஆனால் முதலாளிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஏழடி உயரத்துக்கு மேல் சுழல்கிற ஷாஃப்டை யார் போய்த் தொடப் போகிறார்கள்? சட்டத்தை அமல்படுத்த வேண்டிய அரசின் தொழிற்சாலை ஆய்வாளர்களும் கொஞ்ச காலம் விட்டுக்கொடுத்தார்கள்.

தொடுகிற ஆள் இருக்கத்தான் செய்தார். பெல்ட் அடிக்கடி நழுவும். ஏணி வைத்து ஏறி, இன்ஜினை நிறுத்தாமலே அதைத் திரும்ப மாட்டுவார்கள். எண்ணெய் போடுபவரும் சுண்ணாம்பு அடிப்பவரும் அங்கேதான் ஏறியாக வேண்டும். சாவுகள் தொடர்ந்ததால், உயரம் எதுவானாலும் மூடியே ஆக வேண்டும் என்று 1854-ல் உத்தரவு போனது. பதிலுக்கு மில் முதலாளிகள் மறு வருடமே மான்செஸ்டரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். உறுப்பினர்மேல் வழக்கு வந்தால் சந்தா நிதியிலிருந்து வாதாடுவது என்று ஏற்பாடு. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ் அந்தச் சங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. ஹேரியட் மார்டினோ, அடிமை முறையை எதிர்த்துப் பேர் வாங்கிய எழுத்தாளர், முதலாளிகள் பக்கம் நின்று பதில் எழுதினார். இது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஜெயித்தது சங்கம். 1856-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பெண்களும் சிறுவர்களும் வேலையின்போது நெருங்கக்கூடிய இடங்களில் மட்டும் தடுப்பு போதும். மற்றதில் தகராறு வந்தால் மிஷின் கட்டுமானம் தெரிந்தவர் நடுவராக இருந்து முடிவு சொல்வார். மிஷின் எப்படி ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும், ஆள் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பது தெரியாது என்று ஆய்வாளர்கள் புலம்பினார்கள்.

சரி, கை போனவர் கோர்ட்டுக்குப் போகலாமே? அங்கேயும் கதவு ஏறக்குறைய சாத்தியே இருந்தது. 1837-ல் ஒரு கசாப்புக்கடைக்காரரின் வேலையாள், அதிகச் சுமை ஏற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்து வழக்குப் போட்டுத் தோற்றார். அதிலிருந்து வளர்ந்த கொள்கை இது: கூட வேலை செய்கிறவரின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல. 1842-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் அதை இன்னும் விரித்தது. அந்த வழக்கில் ஒரு ரயில் இன்ஜின் டிரைவருக்கு வலது கை போயிருந்தது. ரயில் பாதையை மாற்றிவிடும் ஊழியரின் தவறு. ஆபத்துக்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கப்படுகிறது என்றார் நீதிபதி. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கும் பதினான்கு வயதுப் பெண் தன் கூலியில் இந்த ஆபத்தையும் பேரம் பேசி வாங்கினாளாம்! வசதியான கற்பனை.

என் கணிப்பில், நிலைமையை மாற்றியது ஆய்வாளரின் அபராதத்தைவிட நஷ்டஈட்டுச் செலவுதான். ஜெர்மனி 1884-ல் விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 1897-ல் வந்த சட்டம், யார் தவறு என்று ஆராயாமலே பொதுவாக அடிபட்டவருக்கு வாரக் கூலியில் பாதி வரை கொடுக்கச் சொன்னது. உச்சவரம்பு வாரத்துக்கு ஒரு பவுண்டு. முதலாளிகள் இன்சூரன்ஸ் எடுத்தார்கள். விபத்து நடந்தால் பணம் கட்ட வேண்டியவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர். அப்புறம் மூடி இல்லாத சக்கரத்தைப் பற்றி அவரும் கேள்வி கேட்கத்தானே செய்வார்?

நம் நாட்டுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. பெரம்பூரில் பக்கிங்காம் மில் ஓடிக்கொண்டிருந்த காலம். இந்திய மில்கள் போட்டிக்கு வருகின்றன என்ற லங்காஷயர் முதலாளிகளின் கவலைக்கும் அதில் பங்கு உண்டு. தடுப்பு வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆனால் 100 பேருக்குக் குறைவான ஆலைகளுக்கு அது பொருந்தாது. ஏழு வயதுக் குழந்தையை வேலைக்கு வைக்கவும் இடம் கொடுத்தது. நஷ்டஈட்டுச் சட்டத்துக்கு நம் தொழிலாளர்கள் 1923 வரை காத்திருந்தார்கள். கூட வேலை செய்தவர்மேல் பழி போட்டு முதலாளி தப்பிக்கும் அந்தப் பழைய வாதத்தை இந்தியா 1938-ல் சட்டம் போட்டு நீக்கியது. அது பிறந்த இங்கிலாந்தில் 1948 வரை செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.