தன் புத்தகத்தையே எதிர்த்தவர்

(நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பின்னால் நிற்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

1820களிலேயே லண்டன் மிஷன் அச்சகம் ஓடிய ஊர் இது. அச்சைப் பற்றி இங்கே பேச முன்னுரை வேண்டாம். நேரே ஜெர்மன் அச்சு வடிவமைப்பாளர் யான் சிஹோல்டிடம் போகிறேன்.

1902இல் லைப்சிக்கில் பிறந்தவர். அப்பா பெயர்ப்பலகை எழுதுபவர். மகன் 1928இல் ‘புதிய அச்சுக்கலை’ என்று ஒரு புத்தகம் போட்டார். தலைப்பை நடுவில் வைக்காதே, நுனியில் வால் இல்லாத எழுத்தையே எடு, தாள் அளவைத் தரப்படுத்து. யோசனை இல்லை, எல்லாம் உத்தரவு!

1933இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். வெளியே வந்ததும் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போனார். அங்கேதான் மெல்ல மாறினார். வால் உள்ள பழைய எழுத்துகள், நடுவில் நிற்கும் தலைப்பு என்று, தான் விலக்கியதையெல்லாம் திரும்பச் சேர்த்துக்கொண்டார். 1946இல் சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் இதைக் கடுமையாகத் தாக்கினார். சிஹோல்டோ, தன் பழைய கொள்கையின் அதிகாரத் தொனியில் நாஜிகளின் சாயலைப் பார்ப்பதாகப் பதில் சொன்னார். எனக்கு இது மிகையாகப் படுகிறது. அந்தப் பாணியை வெறுத்தவர்களே நாஜிகள்தானே? ஆனால் தொனியைப் பற்றி அவர் சொன்னது சரி.

புதிய பாணி விளம்பரத்துக்குப் பொருந்தும், புத்தகத்துக்குப் பொருந்தாது என்பது அவருடைய பிற்காலக் கட்சி. வடசேரி பஸ் நிலையத்து ஃபிளெக்ஸ் கத்தலாம். கத்தினால்தான் ஓடும் பஸ்ஸிலிருந்து தெரியும். நானூறு பக்க நாவல் கத்தினால் பத்தாம் பக்கத்திலேயே மூடிவைப்போம்.

அப்புறம் 1947இல் இங்கிலாந்தின் பெங்குவின் புத்தக நிறுவனத்துக்குப் போனார். அங்கே போய் என்ன செய்தார்? அச்சுக் கோப்பவர்களுக்கு விதிகள் எழுதினார்! வார்த்தைகளுக்கு இடையே எவ்வளவு இடம், பெரிய எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அத்தனைக்கும் விதி. கட்சி மாறியது, கண்டிப்பு மாறவில்லை.

1967இல் வந்த அவருடைய ‘சபோன்’ எழுத்தைப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சில் கராமோன் வெட்டிய எழுத்தின் சாயல். ஆனால் கையால் கோத்தாலும், எழுத்தெழுத்தாக வார்க்கும் மோனோடைப் இயந்திரத்தில் அடித்தாலும், வரிவரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தில் அடித்தாலும் ஒரே மாதிரி வரவேண்டும் என்பது நிபந்தனை. லைனோடைப்பில் நேரெழுத்தும் சாய்வெழுத்தும் ஒரே அச்சுவார்ப்பில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே அகலம். அந்தக் கட்டுப்பாட்டை மற்ற இரண்டுக்கும் அவர் பொருத்தினார். சபோனின் சாய்வெழுத்து சற்று அகலமாக நிற்பது அதனால்தான். தாள் அளவைத் தரப்படுத்தச் சொன்ன 1928ஆம் வருஷத்து ஆளை எனக்கு அந்த அகலத்தில் தெரிகிறது.