பெட்டிக்குள் கிடந்த 14 ஆண்டுகள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

'ஸ்கம்' என்ற சிறை நாடகத்தை பி.பி.சி. ஒளிபரப்பாமல் நிறுத்தி வைத்தது பொறுப்பினாலா, அச்சத்தினாலா என்ற தலைப்பில், அச்சத்தினால்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் தொலைக்காட்சியில் இத்தனை வன்முறை ஆகாது என்றார். கற்பனையை ஆவணப்படம் போல எடுத்து மக்களை நம்பவைப்பது அதைவிடப் பெரிய பிழை என்றும் சொன்னார். அவருடைய இரண்டாவது குற்றச்சாட்டு, பி.பி.சி. மேலிடத்தின் வாதமாகவே அன்று இருந்தது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ராய் மின்டன் எழுத, ஆலன் கிளார்க் இயக்க, 'ப்ளே ஃபார் டுடே' என்ற புகழ்பெற்ற நாடக வரிசைக்காக 1977இல் இது எடுக்கப்பட்டது. கதை நடக்கும் இடம் பார்ஸ்டல், அதாவது குற்றம் செய்த இளைஞர்களைத் திருத்துவதற்கென்று அமைக்கப்பட்ட சிறை. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர்தான் அது. 1902இல் அங்கு தொடங்கிய முயற்சிக்கு 1908இல் சட்ட வடிவம் கிடைத்தது. (அந்தப் பெயர் கப்பலேறி நம்மிடமும் வந்தது, சென்னை மாகாணத்தின் 1925ஆம் ஆண்டு பார்ஸ்டல் பள்ளிகள் சட்டத்தை வழக்கறிஞர்கள் அறிவார்கள்.) வேறொரு பார்ஸ்டலில் காவலரைத் தாக்கியதற்காக மாற்றப்பட்டு வருகிற கார்லின் என்ற இளைஞன், வந்த நாளிலிருந்து காவலர்களிடமும் சக கைதிகளிடமும் அடிவாங்கி, ஒரு நாள் காலுறைக்குள் பில்லியர்ட்ஸ் பந்துகளைப் போட்டுச் சுழற்றி அடித்து, அங்குள்ள ரவுடிகளின் தலைமையைக் கைப்பற்றுகிறான். திருத்துவதற்காக வைத்திருக்கும் இடம் அவனுக்குக் கற்றுக்கொடுப்பது இவ்வளவுதான் என்பதே கதையின் சாரம். இன்னொரு பக்கம் டேவிஸ் என்ற மெலிந்த பையன், தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் சக கைதிகளால் சீரழிக்கப்பட்டு, அன்றிரவு உதவிக்காக மணியை அழுத்தியும் காவலர் பொருட்படுத்தாததால் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே எங்கோ நடந்திருக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரு சில வாரங்களில் நடப்பதாகத் திணித்துக் காட்டுவது பொய்யான சித்திரம் என்பதே பி.பி.சி. மேலிடம் சொன்ன காரணம். நடுவர் அவர்களே, இந்த வாக்கியத்தின் முதல் பாதியைக் கவனியுங்கள். நடந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது! மிச்சமிருப்பது சுருக்கம் குறித்த புகார் மட்டுமே. பல ஆண்டுகளில் நடப்பதை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்குவதுதான் நாடகக் கலை. அதைக் குற்றம் என்றால் அரிச்சந்திரன் மேடையில் படும் துன்பத்துக்கும் தடை விதிக்க வேண்டியிருக்கும். கிளார்க் பின்னணி இசையே வைக்கவில்லை. கண்ணீரைத் தூண்டும் வசனமும் இல்லை. பார்ப்பவர் அதை உண்மை என்று எண்ணிவிடுவார்களோ என்ற கவலை, கலைஞனின் கைத்திறனுக்கு அதிகாரி கொடுத்த சான்றிதழ் அன்றி வேறென்ன?

அடுத்ததாக நான் சொல்லப்போவது எங்கள் அணியின் உயிர்நாடி. அரசாங்கம் ஒரு ஆணையும் பிறப்பிக்கவில்லை, முடிவு நிறுவனத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டது, எனவே இதைத் தணிக்கை என்று சொல்லலாகாது என்றார் எதிரணித் தலைவர். ஆணை இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அன்றைய ஏற்பாட்டைப் பாருங்கள். பார்ஸ்டல்களும் சிறைகளும் பிரிட்டனின் உள்துறை அமைச்சின் கீழ் இருந்தன. 1974இல் அஞ்சல் தொலைத்தொடர்பு அமைச்சு கலைக்கப்பட்டபோது, ஒளிபரப்புத் துறையும் அதே உள்துறை அமைச்சின் கைக்கு வந்து சேர்ந்தது. பி.பி.சி.யின் வயிற்றுப்பாடு, தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் இருந்தது. அது எவ்வளவு என்பதை முடிவு செய்வது அரசு. ஆக, யாருடைய சிறையை இந்த நாடகம் தோலுரித்ததோ, அவர்களுடைய அமைச்சின் பொறுப்பில்தான் இதை ஒளிபரப்ப வேண்டிய நிறுவனமும் இருந்தது. யாரோ தொலைபேசியில் மிரட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. என் வாதத்துக்கு அப்படியொரு மிரட்டல் தேவையும் இல்லை. படியளக்கிறவரின் வீட்டுக் குறையைப் பேச நாக்கு தானாகவே தயங்கும், நடுவர் அவர்களே. அந்தத் தயக்கத்துக்குத்தான் பொறுப்பு என்று பெயர் சூட்டுகிறது எதிரணி.

வன்முறை குறித்த வாதத்துக்கும் வருகிறேன். கண்ணாடிக் குடில் காட்சியை நானும் முழுமையாகப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் தடுத்ததால் வன்முறை குறைந்ததா? 1979இல் அதே இயக்குநர், அதே எழுத்தாளர், கார்லினாக அதே ரே வின்ஸ்டன், நாடகத்தைத் திரைப்படமாக மீண்டும் எடுத்தார்கள், அது பி.பி.சி. பதிப்பைவிட இன்னும் கடுமையாக வந்தது. குறைந்தது வேறொன்று. முதல் பதிப்பில் கார்லினுக்கும் இன்னொரு கைதிக்கும் இடையே இருந்த உறவு, அந்த முரட்டுத் தலைவனுக்குள்ளும் இருந்த தனிமையைக் காட்டிய பகுதி, திரைப்படத்தில் இடம்பெறவில்லை. அடி மிஞ்சியது, மனிதன் கொஞ்சம் குறைந்துபோனான். அந்தப் படத்துக்குத் திரைப்படத் தணிக்கை வாரியம் வயது வந்தோருக்கான எக்ஸ் சான்றிதழைக் கொடுத்துத் திரையரங்குக்கு அனுப்பியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் அனுமதித்த கதையை, நாடகம் போடுவதற்கென்று இருந்தவர்கள் பூட்டி வைத்தார்கள்.

1983இல் சேனல் 4 என்ற இன்னொரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி அந்தத் திரைப்படத்தை ஒளிபரப்பியபோது, ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி ஒயிட்ஹவுஸ் நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது, மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. எனக்கு அந்த வழக்கைவிட அந்த ஆண்டுதான் முக்கியம். பார்ஸ்டல் முறையை ஒழிக்கும் சட்டம் 1982இலேயே நிறைவேறிவிட்டது. ஒரு நிறுவனம் உயிரோடு இருக்கும்போது அதைப் பற்றி நாட்டு மக்கள் வீட்டிலிருந்தபடி பார்த்திருக்க வேண்டிய நாடகத்தின் திரைவடிவம், அந்த நிறுவனத்துக்குக் காரியம் முடிந்த பிறகுதான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. 1977இல் 17 வயதுப் பையன் ஒருவன் உள்ளே இருந்திருந்தால், அவனுடைய அம்மா அன்று அதைப் பார்த்துவிட்டுத் தன் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருப்பாள்.

முதலில் எடுத்த அந்த பி.பி.சி. பதிப்பு 1991 ஜூலையில் ஒளிபரப்பானது. அப்போது அந்தப் பையனுக்கு 31 வயது. ஆலன் கிளார்க் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. காட்சிகள் அதே காட்சிகள், நிறுவனமும் அதே நிறுவனம், பார்த்ததும் அதே நாட்டு வீடுகளில். மாறியிருந்தது ஒன்றுதான்: பதில் சொல்ல வேண்டிய பார்ஸ்டல் அப்போது இல்லை. 1977இல் அந்த நாடகத்தில் இருந்ததாக எதிரணி சொல்லும் ஆபத்து 1991இல் எங்கே போயிற்று என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த அவைக்கு விளக்கட்டும். நன்றி, வணக்கம்.