ரோமப் பொற்காசு பேசும் மொழி

அவையோரே, ரோமப் பொற்காசுக்கு அவுரேயஸ் என்று பெயர். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அதன் எடை ஏறக்குறைய 7.8 கிராம், நம் ஒரு பவுனுக்குச் சற்றே குறைவு. தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு 25 கொடுத்தால் அவுரேயஸ் ஒன்று கிடைக்கும்.

கையில் எடுத்ததும் அரசர் தலையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அகஸ்டஸின் காசு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். அவர்கள் கையசும் லூசியசும். அகஸ்டஸின் மகள்வயிற்றுப் பேரர்கள், அவரே தத்தெடுத்த மக்கள். மேலே இருக்கும் சின்னஞ்சிறு அகப்பையையும் வளைந்த கோலையும் தேய்மானம் முதலில் தின்றுவிடும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். அகப்பை கையஸ் ஏற்ற பூசகர் பதவிக்கு, கோல் லூசியஸ் ஏற்ற நிமித்தகர் பதவிக்கு. எனக்குப் பின் இவர்கள் என்று அகஸ்டஸ் அறிவித்த காசு இது. லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள்.

பின்வந்த பேரரசர் நீரோவின் காசுகளை ஆண்டுவரிசையில் வைத்தால் ஒரு குடும்பச் சண்டையே தெரியும். கி.பி. 54இல் 16 வயது நீரோவும் தாய் அக்ரிப்பினாவும் முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள். தலைப்பக்கத்தைச் சுற்றியிருப்பது தாயின் பட்டங்கள், மகனுடையவை பின்பக்கத்தில்! மறு ஆண்டு மகன் முன்னே, தாய் அவன் தோளுக்குப் பின்னே; பட்டங்களும் இடம் மாறிவிட்டன. அதன்பின் தாயின் முகமே இல்லை. 59இல் அவளைக் கொல்லச் செய்தான் மகன். 64இல் காசின் எடையையும் சுமார் 7.3 கிராமாகக் குறைத்தான். ஆகவே முகத்தோடு எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்கையில் வழுக்கும் இடம் ஒன்று: அகஸ்டஸுக்கு அடுத்து ஆண்ட திபேரியசின் காசில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணை அவர் தாய் லிவியா என்று பலர் உறுதியாக எழுதிவிடுகிறார்கள். காசில் அவள் பெயர் கிடையாது. அந்தப் பக்கத்தில் இருப்பது தலைமைப் பூசகர் என்ற அரசரின் பட்டம் மட்டுமே.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசர் தலைமேல் உளிவெட்டு. உள்ளே செம்பா என்று சோதிக்கவே வெட்டினார்கள் என்றால், அதற்கு விளிம்பில் ஒரு கீறல் போதுமே! தேய்ந்த காசை இனி காசாக எண்ணக்கூடாது, பொன்னாகவே நிறுக்க வேண்டும் என்று முகத்தை வெட்டினார்கள் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.