திண்ணையில் சுளகு, மாடியில் லேப்டாப்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதில் உள்ள நன்மை தீமைகளைப் பேச அழைத்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த பிறகுதான் இந்தப் பேச்சு எங்கும் அடிபடுகிறது. ஆனால் செங்கோட்டை, புளியரை, கடையநல்லூர் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் பல பேர் இந்த நிமிஷமும் மடியில் சுளகோடு பீடி சுற்றிக்கொண்டுதான் இருப்பீர்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பார். அதனால் இந்த விஷயத்தில் பேச நமக்குத்தான் முதல் உரிமை. பீடித் தொழிலாளர் சங்கத்தில் வெகுகாலம் இருந்தவள் நான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வீடு. மாமியார் பீடிக் கடையில் கொடுக்கும் இலையை வாங்கிவந்து திண்ணையில் பீடி சுற்றுவார். மருமகள் திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்ற ஐடி வளாகத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு அங்கே ஹாஸ்டலில் இருந்தாள். லீவு கிடைத்தால் நெடுமங்காடு, குளத்துப்புழை, தென்மலை வழியாக பஸ் ஏறி வருவாள். பிள்ளை அவளைப் பார்த்ததும் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஊரடங்கில் வீட்டுக்கு வந்தவளை, பிறகு இங்கிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். "பெரியம்மா, ஹாஸ்டல் வாடகை மிச்சம், பஸ் அலைச்சல் மிச்சம், அதைவிட என் பிள்ளை இப்ப என்கிட்ட வந்து தூங்குது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இந்த ஏற்பாட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் ஜூன் மாதம் வந்தது. நம் பக்கத்துச் சாரலும் காற்றும் உங்களுக்குத் தெரியும். ஒரு மரக்கிளை முறிந்தால் தெரு முழுக்கக் கரண்டு போகும். வீட்டு இன்டர்நெட் நின்றுபோய், அவள் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் குடையோடு நின்றாள். எல்லையோரம் அல்லவா, போனும் சில நேரம் கேரளத்து டவரைப் பிடிக்கும், சில நேரம் எதையுமே பிடிக்காது. அந்த மாதச் சம்பளத்தில் இன்வெர்ட்டர் வாங்கினாள். அடுத்து முதுகு வலி. சாய்மான நாற்காலி வாங்கினாள். எல்லாம் சொந்தக் காசு.

அன்று மாமியார் சொன்னதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். "கடையில குடுக்கிற இலை பத்தலன்னா நான் கைக்காசு போட்டு இலை வாங்குதேன். நீ கைக்காசு போட்டுக் கரண்டு வாங்குத. நம்ம காசுலதான ரெண்டு முதலாளியும் தொழில் பண்ணுதாவ?"

இதுதான் நேயர்களே, நான் சொல்ல வந்தது. வீடு வேலைக்களமாகும்போது வாடகை, மின்சாரம், நாற்காலி எல்லாம் தொழிலாளி தலையில் இறங்குகிறது. இலையை நனைத்து, தகர அளவு வைத்துக் கத்தரிக்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி கிடையாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. மாடியில் ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் மீட்டிங்குக்கும் அதே கதிதான்.

ஆனால் திண்ணையில் இருப்பவருக்காகப் போராடியவர்கள் இருந்தார்கள். 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. "வீட்டில் யார் சுற்றுகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும், அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை" என்று முதலாளிகள் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-இல் தீர்ப்பு வந்தது. சரியில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை உன்னிடம் இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான், பிஎஃப் கொடு என்று. கடையில் நம் கண் முன்னால் பீடியைக் கழிப்பார்களே, அந்தக் கழிவேதான் நமக்குச் சாட்சியாக நின்றது! அந்த மருமகளின் திரையில், அவள் வேலையில் இருக்கிறாள் என்று காட்ட ஒரு பச்சைப் புள்ளி எரியும். அது மாறினால் எங்கே போனாய் என்று கேள்வி வரும். அதுவும் மேற்பார்வைதான். மேற்பார்வை உண்டென்றால் வேலை நேரத்துக்கு வரம்பும் வேண்டும், செலவுக்கு ஈடும் வேண்டும். வேலை நேரத்துக்கு வரம்பு, செலவுக்கு ஈடு. இதை இரண்டு தடவை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். சீனாவில் ஒரு பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 9 மாதம் நடந்த ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். வீட்டிலிருந்தவர்கள் ஆபீசில் இருந்தவர்களைவிட 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். அதில் பெரும்பங்கு, இடைவேளையையும் லீவையும் குறைத்துக்கொண்டு கூடுதல் நேரம் உழைத்ததால் வந்தது. பிறகு எது வேண்டும் என்று கேட்டபோது பாதிப்பேர் ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை.

இன்னும் ஒன்று, கர்ப்பிணிகளுக்கு. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, விடுப்பு முடிந்த பிறகும் வேலை அதற்கு ஒத்துவந்தால் முதலாளியோடு பேசி வீட்டிலிருந்து செய்ய இடம் கொடுத்தார்கள். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மணிநேரத்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வணக்கம்.